மேட்டுக் குழாயில் வந்த சாயம்

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். மலையில் மழை பெய்தால் ஓடையில் வரும். ஓடை ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் கோடி வழியாக வழிந்து கீழே இருக்கிற அடுத்த ஏரிக்குப் போகும். இதெல்லாம் கண்ணால் பார்க்கிற தண்ணீர். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பூமிக்குள் இருக்கிற தண்ணீர்தான் என் மண்டையைக் குழப்பியது. இன்னமும் குழப்பிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது மஞ்சள் குங்குமத்துக்கு என்று நைனா எனக்கு ஒரு நிலம் எழுதிவைத்தார். அதை ஒட்டியது என் தம்பியின் நிலம். நடுவில் ஒரே ஒரு வரப்பு. மாவட்டத்தைப் பிரித்தபோது அந்த வரப்புதான் எல்லை என்றார்கள். அவன் நிலம் திருப்பதி மாவட்டம், என் நிலம் சித்தூர் மாவட்டம். என் மாடு தினமும் மாவட்டம் தாண்டித்தான் மேய்கிறது.

போன கோடையில் என் பழைய போர்க்கிணறு காற்றைத்தான் துப்பியது. கரும்பு அப்போது இடுப்பு உயரம். இலைச் சோகையெல்லாம் சுருண்டு நின்றது. பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் கட்டாவிட்டால் மாட்டுக்கு வெட்டிப் போடவேண்டியதுதான், வெல்லம் காய்ச்ச ஒன்றும் மிஞ்சாது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எங்கேயோ ஒரிசாவிலிருந்து போன் பண்ணி, புதுப் போர் போடு என்றார். சொல்வது அவருக்குச் சுலபம்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். வரப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் தேங்காய் எழுந்து நின்றது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு எதில் நம்பிக்கை வைப்பது என்றும் தெரியவில்லை. அங்கேயே போர் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

முதலில் சிவப்பு மண், பிறகு வெள்ளைத் தூள். நானூறு அடி தாண்டியும் தூள்தான் பறந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். திடீரென்று தூள் நனைந்து சேறாக வந்தது. வண்டிக்காரர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் மஞ்சளும் குங்குமமும் எடுக்கத் திரும்பினேன். அதே நேரத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம். தம்பியின் போர் வெள்ளைச் சேற்றை ஆள் உயரத்துக்குத் துப்பிக்கொண்டிருந்தது. இங்கே வண்டி காற்றை உள்ளே அடிக்க அடிக்க, அங்கே அது இருமிக்கொண்டே இருந்தது.

தம்பி நெல் வயலிலிருந்து ஓடிவந்தான். முழங்கால் வரை சேறு.

"நிறுத்தச் சொல்லுக்கா. என் தண்ணியில கை வெச்சிட்ட நீ."

"பூமிக்கு அடியில உன் பேரு எழுதி வெச்சிகினு கீறியா?"

"என் போர் துப்புறது உன் கண்ணுக்குத் தெரியல? ரெண்டும் ஒண்ணுதான். நீ மோட்டார் எறக்கினா என் நெல்லு காயும்."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவனும் சொன்னான். வண்டிக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். இந்த மாதிரி சண்டையை அவர்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் மோட்டாரை மேலே தூக்கிச் சேறு கழுவி மறுபடியும் இறக்கினான். என் போரில் மோட்டார் இறக்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவைத்தான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன், அக்கா ஒரே மூச்சில் தம்பியின் தண்ணியைக் குடித்துவிட்டாள் என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. நான் கடைக்கே போய், இன்னும் தாகம் அடங்கவில்லை, உன் போர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அதிகாரியிடம் போகலாம் என்றார்கள். போனேன். என்னுடையது சித்தூர், தம்பியுடையது திருப்பதி. அங்கே கேட்டால் இங்கே கேள் என்றார்கள், இங்கே கேட்டால் அங்கே கேள் என்றார்கள். கடைசியில் ஒருவர் பைக்கில் வந்து இரண்டு போரையும் பார்த்தார். நல்ல மனிதர்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு தெலுங்கில், "கிந்த ராயி எட்லா உந்தோ எவரிகி தெலுசம்மா" என்றார். அடியில் பாறை எப்படி இருக்கிறதென்று யாருக்கம்மா தெரியும் என்று அர்த்தம். இதைச் சொல்ல ஒரு ஆபீஸ் எதற்கு என்று நினைத்தேன்.

கரும்பு காய்ந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரர் வந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நகரியில் ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கைவிரல் இடுக்குகளில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி ஆபீசரு எதுக்குமா? எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி என்னா கலர்ல வருதோ, அத வெச்சே எந்தப் பட்டறைன்னு சொல்லிடுவோம். தம்பி போர்ல சாயத்த ஊத்து. உன் போர்ல வந்தா அவன் தண்ணி. வரலேன்னா உன் தண்ணி."

கேட்டதும் எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. ராமர் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சாயம் என் போரில் வந்தால் போரை மண் போட்டு மூடிவிடவேண்டும், வராவிட்டால் தம்பி வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று முடிவானது. படித்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் வேறு கேள்வி கேட்கவில்லை. சாயம் கெடுதலா என்று மட்டும் நான் அண்ணனைக் கேட்டேன். நூலுக்குப் போடுவதுதான், கொஞ்சமாகத்தான் ஊற்றப்போகிறோம், பூமிக்குள் போனால் என்ன ஆகிவிடும் என்றார்.

மறுநாள் காலையில் தம்பி மோட்டாரை நிறுத்தினான். அண்ணன் ஒரு பக்கெட்டில் சாயத்தைக் கரைத்தார். தாமரைப்பூ நிறம். அதை நான்தான் என் கையால் தம்பியின் போர்க்குழாய்க்குள் ஊற்றினேன். பின்னாலேயே குடம் குடமாகத் தண்ணீரும் ஊற்றினோம். பிறகு என் போரில் கடன் வாங்கிய மோட்டாரை இறக்கி ஸ்விட்சைப் போட்டோம். தண்ணீர் வந்தது. முழுக் குழாய் தண்ணீர். ஒரு பெரியவர் தன் வெள்ளைத் துண்டை அதில் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்டு போகும் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் பிடித்தார்கள். துண்டு கொஞ்சம்கூட நிறம் மாறவில்லை. அடுத்த நாளும் பிடித்தார்கள். பளிங்கு மாதிரி வந்தது.

தம்பி சும்மா இருக்கவில்லை. சாயம் சரியில்லை என்றான், கொஞ்சமாக ஊற்றிவிட்டேன் என்றான், என் நாத்தனார் வீட்டு ஆள் எனக்குத்தான் சாதகமாகச் செய்வார் என்றான். பெரியவர்கள் அவனை அடக்கிவிட்டார்கள். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டினேன். மடையைத் திறக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. சாயம் வரவில்லை, சரி. அப்படியானால் அன்றைக்கு வண்டி அடித்த காற்று மட்டும் எப்படி அவன் போருக்குப் போயிற்று? காற்று போகிற வழியில் தண்ணீர் போகாதா? இதை யாரிடமும் கேட்கவில்லை. ஜெயித்த பிறகு கேட்கிற கேள்வியா அது?

ஊற்றிய மூன்றாம் நாள் காலையில், மேட்டில் இருக்கிற காலனிக் குழாயில் தண்ணீர் தாமரைப்பூ நிறத்தில் வந்தது.

இதைப் படிக்கிறவர்கள் இடத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளவேண்டும். எங்கள் நிலம் பள்ளத்தில், ஏரிக்குக் கீழே. காலனி மேட்டில், மலையடிவாரத்துக்குப் போகிற வழியில், கல்லும் கள்ளியும் இருந்த இடத்தில். பள்ளத்து நிலத்தையெல்லாம் நாங்கள் வைத்துக்கொண்டு அவர்களை மேட்டில் குடிவைத்தோம். அங்கே பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு போர் போட்டு, பெரிய மோட்டார் வைத்து, டேங்கில் ஏற்றிக் குழாயில் விடுகிறார்கள். பள்ளத்தில் ஊற்றிய சாயம் வரப்பு தாண்டி இருக்கிற என் போருக்கு வராமல் மேட்டுக்கு ஏறியிருக்கிறது. அவ்வளவு தூரம். நான் நம்பவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

குழாயடியில் கூட்டம். அரிசி கழுவினவர்கள் அரிசியைக் கீழே கொட்டியிருந்தார்கள். ஸ்கூல் சட்டைகள் கொடியில் ரோஸ் நிறத்தில் தொங்கின. ஒரு கிழவர் குழாய்க்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அம்மன் இறங்கிவிட்டாள் என்று அவர் சொன்னதற்கு, அங்கே சுயஉதவிக் குழுவை நடத்துகிற ஒரு பெண், அம்மனுக்கு நம் குழாயைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையா மாமா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என் கரும்பு வெட்டுக்கு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"இந்தா, குடி."

நான் வாங்கவில்லை.

"குடிக்க மாட்ட இல்ல? உங்க அக்கா தம்பி சண்ட எங்க கொழாயில வந்துக்கினு கீது. ஊத்தறதுக்கு முன்ன எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இங்க வரும்னு யாருக்குமா தெரியும்?"

"தெரியாததுல எதுக்குக் கொண்டுபோயி ஊத்தின?"

கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவர், அதெப்படிம்மா மேட்டுக்குப் போகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்று மத்தியானம் காலனி முழுக்க வந்து ராமர் கோயில் முன்னால் நின்றது. இந்தத் தடவை பெரியவர்கள் பேசவில்லை, அந்தப் பெண்தான் பேசினாள். தண்ணீர் தெளியும்வரை எங்கள் இரண்டு பேரின் போரும் ஓடக் கூடாது. குடிக்கிற தண்ணீரைக் கேனில் நாங்கள்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும். தம்பி, நான் என்ன செய்தேன், ஊற்றினது அவள் என்றான். உன் போரில்தானே ஊற்றினார்கள், நீயும் பக்கத்தில்தானே நின்று பார்த்தாய் என்று கேட்டார்கள். அவன் நெல் அப்போதுதான் கதிர் விட்டுக்கொண்டிருந்தது. என் கரும்பு ஒரு தண்ணீர் குடித்திருந்தது. இரண்டு பேரும் ஸ்விட்சை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

அடுத்த குழப்பம், நிறுத்தினால் தெளியுமா, ஓட்டினால் தெளியுமா என்பது. தம்பியின் போரை ஓட்டினால் ஊற்றின சாயம் அதன் வழியாகவே வெளியே வந்துவிடும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஓட்டினால் உள்ளே கலங்கி இன்னும் பரவும் என்றார்கள் மீதிப் பேர். இரண்டும் சரி மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. பைக்கில் வந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். சாயத்தைப் பற்றிச் சொன்னதும் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டார். பிறகு அவரும் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொன்னார். தண்ணீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தப் பெண்ணே பக்கத்தில் நின்று தம்பியின் ஸ்விட்சைப் போடச் சொன்னாள். எல்லோரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கெட் சாயம் ஊற்றின போர். தண்ணீர் தெளிவாக வந்தது. கொஞ்சம்கூட நிறம் இல்லை. அரை மணி நேரம் பார்த்தோம். ஒருவன் கையை நீட்டி நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தம்பி என்னைப் பார்த்தான். சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"எனுக்குப் பயமா கீதுக்கா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் போரிலிருந்து நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறான், அதையேதான் குடித்திருக்கிறான். அதில் போட்டது எங்கே போகிறது, அதில் வருவது எங்கேயிருந்து வருகிறது என்று ஒன்றுமே தெரியாது. என்னை அவன் தண்ணீரைத் திருடினவள் என்றான். அவன் யாருடையதை எடுத்துக்கொண்டிருந்தான்? காலனி மோட்டார் அவனுடையதை இழுக்கிறதா, அவன் காலனியுடையதை இழுக்கிறானா? கேட்டால் கேட்டுக்கொண்டே போகலாம். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஸ்விட்சை நிறுத்து, போய்ச் சோறு துன்னு என்றேன்.

காலனி டேங்கைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டுக் கழுவினார்கள். நானும் தம்பியும் காலையில் கேன்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவோம். முதல் நாள் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. பிறகு ஆளாளுக்குக் கேலி பேசினார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் புடவைக்கும் இதே கலரில் ஒரு பக்கெட் ஊற்றம்மா என்றாள் ஒருத்தி. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் அவளுக்குப் பச்சையில் ஊற்றித் தருவதாகச் சொன்னேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தினமும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெள்ளைச் சுவருக்கு நேரே வைத்துப் பார்ப்பாள். இன்னும் இல்லை என்பாள். நாங்கள் திரும்பிவிடுவோம்.

நிறம் ஒரேயடியாகப் போகவில்லை. ஒரு நாள் வெளிறும், மறுநாள் கொஞ்சம் கூடும். ஏன் கூடுகிறது என்று கேட்க ஆள் இல்லை. அதற்குள் என் கரும்பில் வரப்பை ஒட்டின பாதி சருகாகிவிட்டது. அதை நானே வெட்டி மாட்டுக்குப் போட்டேன். தம்பியின் நெல்லில் பாதிக் கதிர்கள் பால் பிடிக்காமல் பதராக நின்றன. அவன் பெண்டாட்டி வரப்பில் நின்று, அண்ணி, உங்க பக்கம் எவ்ளோ போச்சி என்று கேட்டாள். பாதி என்றேன். எங்களுக்கும் அப்படித்தான் என்றாள்.

ஒரு நாள் காலையில் அந்தப் பெண் டம்ளரைச் சுவருக்கு நேரே வைத்தாள், திருப்பினாள், மறுபடியும் வைத்தாள். பிறகு கீழே ஊற்றிவிட்டுத் தலையை ஆட்டினாள். அதிகாரியை வரவழைத்து, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரீட்சை செய்து, குடிக்கலாம் என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் கேன் தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். அதே போனில் நான் அவரிடம் சாயம் ஏன் மேட்டுக்குப் போயிற்று என்று கேட்டேன். பெரிய மோட்டார் இழுத்திருக்கும், பாறையில் ஏதாவது வெடிப்பு இருக்கும் என்றார். இருக்கும், இருக்கும் என்றுதான் சொன்னார். இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஸ்விட்ச் போடலாமா என்று தம்பியிடம் நான்தான் போய்க் கேட்டேன். மீந்த கரும்பாவது நிற்கவேண்டும் இல்லையா?

"போடுக்கா. நானும் போடறேன். என்னா ஆவுதுன்னு பாக்கலாம்."

இரண்டையும் ஒன்றாகப் போட்டோம். இரண்டிலும் தண்ணீர் வந்தது. என் மோட்டார் ஓடினால் அவனுடையது வற்றிவிடும் என்றுதானே இவ்வளவும் நடந்தது? வற்றவில்லை. இத்தனை நாள் சும்மா கிடந்ததால் ஊறியிருக்கலாம். இல்லை, அவன் முதலிலேயே சொன்னது தப்பாக இருக்கலாம். இல்லை, இன்னும் பத்து நாள் கழித்து வற்றலாம். வரப்பில் நின்றுகொண்டு இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தோம்.

அப்போது எனக்குக் காலனி ஞாபகம் வந்தது. இங்கே இரண்டும் ஓடுகிறதே, மேலே என்ன ஆகிறது? அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"உங்க கொழாயில தண்ணி வருதா?"

"ஏன், இன்னிக்கி என்னா ஊத்தின?"

"ஒண்ணும் ஊத்தல. மோட்டார் போட்டுகினு கீறோம். உங்களுக்கு வருதான்னு கேட்டேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து, வருகிறது என்றாள்.

அன்றிலிருந்து மோட்டார் போடுவதற்கு முன்னால் போன் செய்கிறேன். தம்பியும் என்னைக் கேட்டுத்தான் போடுகிறான். ஒரு நாள் அவள், வரவில்லை, நிறுத்து என்றாள். கரும்புக்குப் பாதிதான் பாய்ந்திருந்தது. இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். மத்தியானம் தெரிந்தது, குழாய் திறந்துவிடுகிறவன் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி போயிருக்கிறான். டேங்க் நிறையத் தண்ணீர் இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அவளுக்கும் போன் போட்டுக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றாள்.

மறுநாள் காலையில் மறுபடியும் போன் செய்தேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சி. ஆள் இங்கதான் கீறான், நானே பாத்துட்டேன். நீ போட்டுக்கோ."

போட்டேன்.